டெர்ரி பிராட்செட்: படிப்பும் படைப்பும்

மாயாஜாலக் கதை எழுதுகிறவனுக்கு உலக ஞானம் அதிகம் வேண்டியதில்லை என்றும், ஹாஸ்யம் எழுதுகிறவனுக்குப் படிப்பு அதிகம் வேண்டியதில்லை என்றும் ஓர் அபிப்பிராயம் கற்றோரிடையேகூட நெடுங்காலமாக நிலவி வருகிறது. முன்னவனுக்குத் தடையற்ற கற்பனையும் பின்னவனுக்குச் சமயோசித புத்தியும் வாய்த்துவிட்டால் போதும், மற்றவை தாமே வந்து சேரும் என்று பலர் எண்ணுகிறார்கள். இந்த இரண்டு துறைகளையும் ஒருங்கே கையாண்டு, 41 நாவல்கள் கொண்ட ஒரு நெடுந்தொடரை ஆங்கிலத்தில் எழுதியவர் டெர்ரி பிராட்செட். அவருடைய நூல்கள் எல்லாமாக 37 மொழிகளில் எட்டரைக் கோடிப் பிரதிகளுக்குமேல் விற்றிருக்கின்றன. அவர் வாழ்க்கையையும் அவர் படித்த நூல்களையும் சேர்த்துவைத்துப் பார்க்கும்போது, மேலே சொன்ன அபிப்பிராயம் அடியோடு தவறு என்பது விளங்குகிறது. உலகத்தில் காரியங்கள் மெய்யாக எப்படி நடக்கின்றன என்பதைப் பற்றி அவர் ஆயுள் முழுவதும் சேகரித்துவந்த அறிவுதான் அவருடைய நகைச்சுவைக்கு ஆதாரம் என்றும், கற்பனை அந்த அறிவுக்கு ஏவல் செய்தது என்றும் நான் கருதுகிறேன்.

அந்தத் தொடருக்கு டிஸ்க்வேர்ல்ட் என்று பெயர். அதில் வரும் உலகம் தட்டையான வட்டத் தகடு. அத்தகட்டை நான்கு யானைகள் தாங்குகின்றன. யானைகள் ஒரு மாபெரும் ஆமையின் முதுகில் நிற்கின்றன. ஆமை ஆகாயவெளியில் நீந்திச் செல்கிறது. அஷ்டதிக்கஜங்களைப் பற்றியும் கூர்மாவதாரத்தைப் பற்றியும் கேட்டு வளர்ந்த நமக்கு இது அந்நியமான சித்திரமன்று. ஆனால் புராணத்தை அப்படியே எடுத்துக்கொண்ட பிராட்செட், புராணிகர் கேளாத கேள்விகளை அதனிடம் கேட்டார். அந்த ஆமை எங்கே போகிறது? அது ஆணா, பெண்ணா? வேறோர் ஆமையைச் சந்திக்கத்தான் போகிறது என்றால், அவை கூடும்போது முதுகின்மேல் இருக்கிறவர்களின் கதி என்ன? இதை அறிந்தே தீர வேண்டும் என்று துடித்த அவ்வுலகத்து வானநூலார் தகட்டின் விளிம்பிலிருந்து ஒரு கலத்தை இறக்கி எட்டிப் பார்க்க ஏற்பாடு செய்கிறார்கள். அற்புதத்தைக் கண்டு வியந்து நின்றுவிடாமல், அதன் அச்சும் ஆணியும் எங்கே இருக்கின்றன என்று குனிந்து பார்க்கிற மனோபாவம் இது. இந்த மனோபாவத்தை அவர் எங்கிருந்து பெற்றார் என்பதே ஆராயத்தக்கது.

பிராட்செட் 1948 ஏப்ரல் 28ஆம் தேதி இங்கிலாந்தில் பக்கிங்ஹாம்ஷயரைச் சேர்ந்த பீகன்ஸ்பீல்டில் பிறந்தவர். தந்தை மோட்டார் மெக்கானிக். சிறுவனாக இருந்தபோது அவருக்கு இருந்த பேராசை வானசாஸ்திரியாக வேண்டும் என்பது. புரூக் பாண்ட் தேயிலைப் பொட்டலங்களில் அந்நாளில் வைத்து வந்த வானவெளிப் படச் சீட்டுகளைச் சேர்த்து வைத்தவர் அவர். கணிதம் போதிய அளவு கைவராததால் அந்த ஆசை கைகூடவில்லை. பிற்காலத்தில் பொருள் சேர்ந்தபோது தம் தோட்டத்திலேயே ஒரு வான ஆய்வுக்கூடம் கட்டிக்கொண்டார். படிப்பதில் ஆரம்பத்தில் அவருக்கு நாட்டம் இருந்ததில்லை. ஏறக்குறையப் பத்து வயதில் கென்னத் கிரஹாமின் 'தி விண்ட் இன் தி வில்லோஸ்' கையில் கிடைத்த பிறகுதான் நிலைமை மாறியது. 1908இல் வெளிவந்த அந்த நூலில் அகழானும் நீரெலியும் தேரையும் மனிதர்போலப் பேசிப் பழகுகின்றன. தேரை மோட்டார் ஓட்டுகிறது, சலவைக்காரி வேடம் பூண்டு சிறையிலிருந்து தப்புகிறது. தேரையின் உருவம் பெரிதா, சிறிதா என்பதை ஆசிரியர் கடைசிவரை நிச்சயப்படுத்தவில்லை. படிக்கிற குழந்தையும் அதைக் குறையாக எண்ணுவதில்லை. வெளிப்படையான ஒரு பொய் இவ்வளவு உறுதியாக நிற்க முடியும் என்ற வியப்பே அச்சிறுவரைப் புத்தகங்களிடம் கொண்டு சேர்த்தது.

பீகன்ஸ்பீல்டு பொது நூல்நிலையத்துக்குள் அவர் அதன் பிறகு நுழைந்தார். சனிக்கிழமைகளில் அங்கே உதவிக்கு நின்று புத்தகங்களை அடுக்கினார். அதனால் மற்றவர்களுக்குக் கிட்டாத அளவு நூல்களை வீட்டுக்கு எடுத்துச் செல்லும் வாய்ப்பும் பெற்றார். பிற்காலத்தில் கௌரவப் பட்டங்கள் பல அவரைத் தேடி வந்தன. ஆனால் தம் கல்வியைப் பற்றிப் பேச நேர்ந்தபோதெல்லாம் அந்த நூல்நிலையத்தின் பெயரையே அவர் முன்வைத்தார். டிஸ்க்வேர்ல்டின் மாயாவிகள் சர்வகலாசாலையில் நூல்நிலைய அதிபராக இருப்பது ஓர் உராங்குட்டான். மந்திர விபத்தொன்றில் அவ்வுருவம் அடைந்த அவர், உயரமான அலமாரிகளில் ஏற நீண்ட கைகள் எவ்வளவு உபயோகம் என்று கண்டுகொண்டு, மீண்டும் மனித உருவம் வேண்டாம் என்று மறுத்துவிடுகிறார். உலகத்தின் பெரிய நூல்நிலையங்கள் அனைத்தும் ரகசிய வழிகளால் ஒன்றோடொன்று இணைந்திருக்கின்றன, எங்கே நுழைந்தாலும் வேறெங்கும் போய்ச் சேரலாம் என்ற கற்பனையும் இந்தத் தொடரில் வருகிறது. சனிக்கிழமைப் பையனாக அலமாரிகளுக்கிடையே நடந்த ஒருவருக்கு இது கற்பனைதானா, அனுபவந்தானா என்று பிரித்துச் சொல்வது கடினம். அந்தப் பாத்திரத்தின் வழியாக நிஜ உராங்குட்டான்களிடம் ஏற்பட்ட பற்று, 1995இல் அவரை போர்னியோக் காடுகள்வரை இட்டுச் சென்றது.

அந்த நூல்நிலையத்தில் அவர் எதைப் படித்தார் என்பது முக்கியமானது. விஞ்ஞானக் கதைகளையும் மாயக் கதைகளையும் விழுங்கினார் என்பது உண்மையே. 1961ஆம் ஆண்டின் கடைசி இரவில், பதின்மூன்று வயதில், ஒரு வீட்டுக் குழந்தைகளுக்குக் காவலாக உட்கார்ந்திருந்தபோது டோல்கீனின் 'லார்ட் ஆப் தி ரிங்ஸ்' நூலைப் பிரித்தார். நள்ளிரவு கடந்து படித்தார். மறுநாளும் விடாமல் படித்து, ஏறத்தாழ ஒரு நாளுக்குள் மூன்று பாகங்களையும் முடித்து, முடித்த கையோடு முதல் பக்கத்திலிருந்து மறுபடி தொடங்கினார். 1967இல் டோல்கீனின் வேறொரு சிறு நூலைப் பாராட்டி அவருக்கே கடிதம் எழுதிப் பதிலும் பெற்றார். ஆனால் இந்த வகைப் படிப்பு அவ்வயதுப் பையன்கள் பலருக்கும் பொது. அவரைத் தனியே பிரித்துக் காட்டுவது, பையன்கள் சாதாரணமாகத் தொடாத அலமாரியை அவர் தொட்டதே. 'பஞ்ச்' என்ற ஹாஸ்யப் பத்திரிகையின் பழைய தொகுதிகள் பைண்டு செய்யப்பட்டு அங்கே வரிசையாக இருந்தன. அவற்றை அவர் தொகுதி தொகுதியாகப் படித்தார். ஜெரோம் கே. ஜெரோமையும் மார்க் ட்வெயினையும் வுட்ஹவுஸையும் படித்தார். நூறு வருஷத்துக்கு முந்திய ஒரு பரிகாசம் புரிய வேண்டுமானால், அக்காலத்து மந்திரி யார், கூலி எவ்வளவு, தெருவில் என்ன நாற்றம் அடித்தது என்றெல்லாம் தெரிந்தாக வேண்டும். ஆகவே பழைய ஹாஸ்யத்தைப் படிக்கிறவன் தன்னை அறியாமலே சரித்திரம் படிக்கிறான். பிராட்செட் சரித்திரத்தினுள் புகுந்த வாயில் இதுதான் என்று கொள்ளலாம்.

இதே காலத்தில் அவருக்கு வாய்த்த மற்றொரு துணை, புரூவர் என்ற பாதிரியார் தொகுத்து 1870இல் முதன்முதல் வெளியிட்ட சொற்றொடர்-ஐதிகக் களஞ்சியம். மரபுத்தொடர்கள், மறந்துபோன சடங்குகள், கட்டுக்கதைகள், கடவுளர் பெயர்கள் எல்லாம் அகராதி வரிசையில் அடுக்கப்பட்டிருக்கும் அந்த நூலில், தேடிப்போனது ஒன்றாக இருக்க, கண்ணில் படுவது வேறொன்றாக இருக்கும். அந்த அலைந்து திரியும் வாசிப்பிலேயே பிராட்செட்டின் மனம் பக்குவமடைந்தது. 1999இல் அதன் புதிய பதிப்புக்கு முன்னுரை எழுதும்படி அவரையே கேட்டார்கள். அவர் நாவல்களில் பக்கத்துக்குப் பக்கம் அடிக்குறிப்புகள் தொங்குவதைக் கண்டு அது ஒரு வேடிக்கை உத்தி என்று மட்டும் நினைப்பவர்கள், அவர் எந்த நூல்களோடு வளர்ந்தார் என்பதை மறந்துவிடுகிறார்கள். ஒரு செய்தியைச் சொல்லும்போதே அதன் பக்கத்திலிருக்கும் மற்றொரு செய்தி அவர் சட்டையைப் பிடித்து இழுக்கும்; அதற்கும் இடம் கொடுத்துவிட்டுத்தான் அவரால் மேலே போக முடியும்.

எழுத்து அவரிடம் சீக்கிரமே வந்தது. பதின்மூன்றாம் வயதில் பள்ளிப் பத்திரிகையில் வெளியான 'தி ஹேடீஸ் பிசினஸ்' என்ற கதை, 1963இல் 'சயன்ஸ் பேன்டசி' என்ற பத்திரிகையில் சன்மானத்தோடு மறுபடி வெளிவந்தது. கிடைத்த பணத்தில் அவர் ஒரு பழைய டைப்ரைட்டர் வாங்கினார். நரகத்துக்கு விளம்பரம் செய்து கூட்டம் சேர்க்கும்படி சாத்தானே ஒரு விளம்பர நிபுணனை நியமிக்கிறான் என்பது கதை. அமானுஷ்யத்தை அன்றாட வியாபாரத்தின் நுணுக்கங்களோடு பொருத்திப் பார்க்கும் வழக்கம் அப்போதே தொடங்கிவிட்டது.

1965இல், பதினேழு வயதில், படிப்பை நிறுத்திவிட்டு 'பக்ஸ் பிரீ பிரஸ்' என்ற வட்டாரப் பத்திரிகையில் பயிற்சி நிருபராகச் சேர்ந்தார். கோர்ட்டு விசாரணை, மரண விசாரணை, நகரசபைக் கூட்டம் ஆகியவற்றுக்குப் போய்க் குறிப்பெடுத்துக்கொண்டு வருவது வேலை. அதோடு அந்தப் பத்திரிகையின் சிறுவர் பகுதிக்கு 'அங்கிள் ஜிம்' என்ற புனைபெயரில் கதைகளும் எழுதினார். ஒரு பிரசுராலயத்தாரைப் பேட்டி காணப் போன இடத்தில் தம்மிடம் ஒரு நாவல் கைப்பிரதியாக இருப்பதைச் சொன்னதன் பலனாக, அவருடைய முதல் நூலான 'தி கார்ப்பெட் பீப்பிள்' 1971இல் வெளிவந்தது. கோலின் ஸ்மைத் அதை வெளியிட்டார். படங்களை ஆசிரியரே வரைந்தார். இந்த நூலின் பிற்கால வரலாறு நம் விஷயத்துக்கு மிகவும் உபயோகமானது. 1992இல் அதை மறுபதிப்புச் செய்தபோது பிராட்செட் அதைத் திருத்தி எழுதினார். இந்நூலுக்கு ஆசிரியர் இருவர், ஒருவர் பதினேழு வயதுப் பையன், மற்றவர் நாற்பத்துமூன்று வயது மனிதர் என்ற கருத்துப்பட அதில் குறிப்பும் எழுதினார். மாயக் கதை என்றால் யுத்தங்களும் ராஜாக்களும் என்று அந்தப் பையன் எண்ணியிருந்தான். யுத்தம் வராமல் காப்பதும் ராஜாக்கள் இல்லாமல் காரியம் நடத்துவதுமே எழுதத்தக்க விஷயம் என்று அந்த மனிதர் கண்டுகொண்டார். இடைப்பட்ட இருபத்தாறு வருஷங்களில் அவர் என்ன படித்தார், எதைப் பார்த்தார் என்பதே இந்த மாற்றத்தின் காரணம்.

அவ்வருஷங்களில் ஒரு பகுதியை அவர் மின்சார வாரியத்தில் கழித்தார். அமெரிக்காவில் திரீ மைல் ஐலண்டு அணுமின் நிலையத்தில் விபத்து நிகழ்ந்தது 1979 மார்ச்சில். அதன் அதிர்ச்சி அடங்காத காலத்தில், 1980 வாக்கில், பிரிட்டனின் மத்திய மின் உற்பத்தி வாரியத்தில் பத்திரிகைத் தொடர்பு அதிகாரியாக அவர் அமர்ந்தார். அணுமின் நிலையங்களைப் பற்றிப் பத்திரிகைகளுக்குப் பதில் சொல்வது அவர் பொறுப்பு. பகலெல்லாம் அந்த உத்தியோகம், இரவில் நாவல். ஓர் இரவுக்கு 400 சொற்கள் என்று அவர் தமக்கு விதித்துக்கொண்டிருந்தார். சிறிய அளவுதான், ஆனால் விடாமல் எழுதினார். ஒருமுறை அன்றைய கணக்கு முடிவதற்குள் நாவல் முடிந்துவிட்டதால், மீதிச் சொற்களை அடுத்த நாவலின் தொடக்கமாக எழுதிவிட்டே எழுந்தார் என்று சொல்வதுண்டு. டிஸ்க்வேர்ல்டின் முதல் நாவலான 'தி கலர் ஆப் மாஜிக்' 1983இல் வெளிவந்தபோது பிரிட்டனில் அச்சிட்டவை 506 பிரதிகளே. பி.பி.சி. வானொலி அதைத் தொடராக ஒலிபரப்பியதும், பின்பு மலிவுப் பதிப்பு வந்ததும் நிலைமையை மாற்றின. 1987இல் உத்தியோகத்தை விட்டு முழுநேர எழுத்தாளரானார்.

முதல் இரண்டு டிஸ்க்வேர்ல்ட் நாவல்களைப் பற்றி என் அபிப்பிராயத்தை மறைக்க விரும்பவில்லை. அவை கெட்டிக்காரத்தனமானவை, ஆனால் மெலிந்தவை. மாயக் கதை எழுதியவர்களையே அவை பரிகாசம் செய்கின்றன. ஆகையால் அந்தக் கதைகளைப் படித்தவர்களுக்கே முழுச் சிரிப்பும் கிட்டும். தன் துறையின் நூல்களை மட்டும் உண்டு வளரும் எழுத்து இப்படித்தான் சீக்கிரம் சோர்ந்துவிடும். பிராட்செட் இதை உணர்ந்தவர்; மாயக் கதை எழுத விரும்புகிறவர்கள் மாயக் கதைகளை விட்டு வெளியே போய்ப் படிக்க வேண்டும் என்று அவர் திரும்பத் திரும்பச் சொல்லி வந்தார். 'மார்ட்', 'கார்ட்ஸ்! கார்ட்ஸ்!' ஆகிய நாவல்கள் தொடங்கி அவருடைய ஆங்க்-மார்ப்போர்க் நகரம் உயிர்பெற்று எழுவதற்கு, அந்த நகரத்தைப் புத்தகங்களிலிருந்து கடன் வாங்காமல் நகரங்களிலிருந்தே கடன் வாங்கத் தொடங்கியது காரணம். சாக்கடை எங்கே போகிறது, கோதுமை எங்கிருந்து வருகிறது, இரவில் தெருவை யார் காக்கிறார்கள், அவர்களுக்குச் சம்பளம் யார் கொடுக்கிறார்கள் என்ற கேள்விகளுக்கெல்லாம் அங்கே விடை உண்டு.

இந்த விடைகளுக்கு அவர் அதிகம் கடமைப்பட்ட நூல், ஹென்றி மேஹ்யூ எழுதிய லண்டன் உழைப்பாளரும் ஏழைகளும் பற்றிய பெரும் தொகுப்பு. 1841இல் 'பஞ்ச்' பத்திரிகையைத் தொடங்கியவர்களில் மேஹ்யூவும் ஒருவர் என்பது கவனிக்கத்தக்கது. ஹாஸ்யத்தையும் சமூக ஆராய்ச்சியையும் ஒரே மனம் தாங்கியதற்கு அவரே முன்னோடி. லண்டன் தெருக்களில் பிழைத்தவர்களை நேரில் கண்டு, அவர்கள் பேச்சையும் வரும்படியையும் அவர் எழுதிவைத்தார். தோல் பதனிடுவோருக்கு விற்பதற்காக நாயின் மலத்தைப் பொறுக்கிச் சேர்த்தவர்கள், தேம்ஸ் நதிச் சேற்றில் நிலக்கரித் துண்டு தேடிய சிறுவர்கள், பாதாளச் சாக்கடைகளில் இறங்கிக் காசும் உலோகமும் தேடியவர்கள் ஆகியோர் அந்த நூலில் உயிரோடு நடமாடுகிறார்கள். ஊர்க் கழிவையெல்லாம் வாங்கிக் குவித்துக் கோடீசுவரனான ஹாரி கிங் என்ற பாத்திரம் பிராட்செட் நாவல்களில் வருவதைப் படிக்கிறவர்கள் அதை வெறும் அருவருப்புத் தமாஷாக எண்ணக் கூடும். மேஹ்யூவைப் படித்தவர்கள் அப்படி எண்ணமாட்டார்கள். 2012இல் பிராட்செட் எழுதிய 'டாட்ஜர்' என்ற நாவலின் தலைவன் சாக்கடையில் தேடிப் பிழைக்கிற இளைஞன். மேஹ்யூவே அதில் ஒரு பாத்திரமாக வருகிறார். நூலும் அவருக்கே சமர்ப்பணம்.

ஏழ்மையின் கணக்கை இவ்வளவு நுணுக்கமாக அறிந்தவரால்தான் 1993இல் வெளிவந்த 'மென் அட் ஆர்ம்ஸ்' நாவலில் வரும் பூட்ஸ் விவகாரத்தை எழுத முடியும். காவற்படைத் தலைவன் வைம்ஸுக்கு மாதச் சம்பளம் 38 டாலர். நல்ல தோல் பூட்ஸ் 50 டாலர். மட்டமானது 10 டாலர். நல்லதை வாங்க ஐம்பது டாலர் உள்ளவன் பத்து வருஷம் கால் நனையாமல் நடப்பான். அந்த ஐம்பது டாலரை ஒரே சமயத்தில் காண முடியாத ஏழை, அதே பத்து வருஷத்தில் மட்டமான பூட்ஸுக்கு நூறு டாலர் செலவழித்திருப்பான். அவன் கால் அப்போதும் நனைந்துகொண்டே இருக்கும். பணக்காரன் பணக்காரனாகவே இருப்பதற்குக் காரணம் அவன் குறைவாகச் செலவழிப்பதே என்று வைம்ஸ் முடிவு செய்கிறான். டிராகன்களும் பூதங்களும் வாழ்கிற நகரத்தில் எழுதப்பட்ட இந்த ஒரு பத்தி, பொருளாதாரம் பேசுகிறவர்களால் இன்றும் எடுத்தாளப்படுகிறது. 2022இல் பிரிட்டனில் மலிவு உணவுப் பண்டங்களின் விலையேற்றத்தைக் கணிக்க முனைந்தவர்கள், பிராட்செட் குடும்பத்தாரின் சம்மதத்தோடு, தங்கள் விலைக் குறியீட்டுக்கு வைம்ஸின் பூட்ஸ் பெயரையே சூட்டினார்கள்.

மற்றோர் உதாரணம். 2007 செப்டம்பரில் வெளியான 'மேக்கிங் மனி'யில் ஒரு வங்கியின் நிலவறையில் விநோதமான யந்திரம் ஒன்று இருக்கிறது. கண்ணாடிக் குழாய்களிலும் தொட்டிகளிலும் நீர் ஓடுகிறது. ஓடுகிற நீர்தான் நகரத்துப் பணம். ஒரு வால்வைத் திருகினால் வரி குறையும், மற்றொன்றைத் திருகினால் சேமிப்புப் பெருகும். இவ்வளவும் பிராட்செட்டின் கட்டுக்கதை என்று நினைக்கத் தோன்றும். ஆனால் நியூஸிலாந்தில் பிறந்த பொருளாதார அறிஞர் பில் பிலிப்ஸ் 1949இல் லண்டன் பொருளாதாரக் கல்லூரியில் இப்படி ஒரு யந்திரத்தை மெய்யாகவே அமைத்துக் காட்டினார். மாணவர்கள் அதைப் பார்த்துத் தேசிய வருமானத்தின் ஓட்டத்தைக் கற்றுக்கொண்டார்கள். நிஜத்தில் நீர் பணத்தைப் பின்பற்றியது. நாவலிலோ யந்திரம் அதிநுட்பமாக அமைந்துவிட்டதனால் பணம் நீரைப் பின்பற்றத் தொடங்குகிறது. பிராட்செட் சேர்த்தது இந்த ஒரு திருப்பம் மட்டுமே. அந்நாவல் கடைக்கு வந்த அதே மாதத்தில் நார்தர்ன் ராக் வங்கியின் வாசலில் பணத்தைத் திரும்பப் பெற மக்கள் வரிசையில் நின்றார்கள். வங்கி என்பது நம்பிக்கையால் நிற்கிற மாயம் என்று அவர் எழுதியிருந்தது அப்போது வேடிக்கையாகத் தோன்றவில்லை.

அவருடைய எழுத்து முறையைப் பற்றியும் சிறிது சொல்ல வேண்டும். முன்கூட்டிய திட்டம் வைத்துக்கொண்டு அவர் எழுதுவதில்லை. மேகம் நிறைந்த பள்ளத்தாக்கை மேலிருந்து பார்க்கும்போது மரத்தின் உச்சியும் கோயில் கோபுரமும் மட்டும் தெரிவதைப்போல, கதையில் சில காட்சிகள் மட்டும் முதலில் தெரியும் என்றும், அவற்றை எழுதிக்கொண்டே போகப் போக மேகம் விலகும் என்றும் அவர் விளக்கியிருக்கிறார். பெரியவர்களுக்கான நாவல்கள் பெரும்பாலானவற்றில் அத்தியாயப் பிரிவே கிடையாது; வாழ்க்கை அத்தியாயங்களாக நடப்பதில்லை என்பது அவர் சொன்ன காரணம். தாம் எழுதுகிற விஷயத்தைக் கையால் செய்து பார்க்கவும் அவர் தயங்கவில்லை. 2009இல் ஸர் பட்டம் கிடைத்ததும், தம் ஊரருகே கிடைத்த இரும்புத் தாதைச் சேகரித்து, விண்கல் துண்டுகளையும் சேர்த்து, தாமே உலையிட்டு உருக்கி, ஒரு கொல்லரின் உதவியோடு தமக்கென்று வாள் செய்துகொண்டார்.

2007 டிசம்பரில், தமக்கு அல்ஸைமர் நோயின் அபூர்வ வகை ஒன்று வந்திருப்பதாக அவர் அறிவித்தார். மூளையின் பின்பகுதியைத் தாக்கும் அந்த நோயில் பேச்சும் சிந்தனையும் நெடுநாள் நிற்கும். கண்டதை இன்னதென்று அறியும் ஆற்றலே முதலில் குலையும். கீபோர்டில் எழுத்துகள் எங்கே இருக்கின்றன என்பது அவருக்குத் தட்டுப்படாமல் போயிற்று. அச்சிட்ட பக்கமும் மெல்ல அந்நியமாயிற்று. பத்து வயது முதல் புத்தகத்தையே சுவாசித்து வந்த ஒருவருக்கு இதைவிடக் கொடிய தண்டனையை என்னால் நினைத்துப்பார்க்க முடியவில்லை. ஆராய்ச்சிக்கு அவர் பத்து லட்சம் டாலர் நன்கொடை அளித்தார். நோயைப் பற்றிப் பகிரங்கமாகப் பேசினார். 2010 பிப்ரவரியில் டிம்பிள்பி சொற்பொழிவை நிகழ்த்த அழைக்கப்பட்டபோது, எழுதிய உரையைத் தாமே படிக்க இயலாததால், சிறு முன்னுரை மட்டும் பேசிவிட்டு உட்கார்ந்தார். நடிகர் டோனி ராபின்சன் அதை முழுவதும் படித்தார். ஆயினும் எழுத்து நிற்கவில்லை. பேச்சைக் கேட்டு எழுத்தாக்கும் மென்பொருளின் துணையாலும், உதவியாளர் ராப் வில்கின்ஸின் துணையாலும், வாய்மொழியாகவே நாவல்களைச் சொல்லி முடித்தார். பிற்கால நாவல்கள் சிலவற்றில் உரையாடல் நீண்டு, வாக்கியத்தின் பழைய இறுக்கம் தளர்ந்திருப்பது உண்மை. ஆனால் 2010இல் வந்த 'ஐ ஷல் வேர் மிட்நைட்' அவருடைய சிறந்த நூல்களின் வரிசையில் வைக்கத்தக்கது. அதை எழுதியவர் அதன் பக்கங்களைத் தம் கண்ணால் படிக்கத் திணறினார் என்பதை அந்நூல் எங்கும் காட்டிக்கொடுக்கவில்லை. 2015 மார்ச் 12ஆம் தேதி அவர் காலமானார்.

அவருடைய எழுத்து வாழ்வில் ஒரு பகுதி அதன் பிறகே தெரிய வந்தது. 1970களிலும் 1980களிலும் 'வெஸ்டர்ன் டெய்லி பிரஸ்' பத்திரிகையில் பேட்ரிக் கேர்ன்ஸ் என்ற புனைபெயரில் வந்த கதைகள் பல அவர் எழுதியவை. கேர்ன்ஸ் அவர் தாயாரின் பிறந்தகத்துப் பெயர். வாசகர் ஒருவர் பத்திரிகையிலிருந்து வெட்டி வைத்திருந்த தொடர்கதை ஒன்றுக்குத் தேதி தெரியாமல் இருந்தது. அதைக் கண்டுபிடிக்க பிரிட்டிஷ் நூல்நிலையத்தின் பழைய பத்திரிகைத் தொகுதிகளைத் தாள் தாளாகப் புரட்டிய இரண்டு அன்பர்கள், தேடிப் போகாத இந்தக் கதைகளையும் கண்டெடுத்தார்கள். 2023இல் அவை 'எ ஸ்ட்ரோக் ஆப் தி பென்' என்ற தொகுப்பாக வந்தன. அவசரமாக எழுதப்பட்ட பத்திரிகைக் கதைகள்தான், எல்லாம் நன்றாயில்லை. ஆனால் பிளாக்பரி என்று அவர் கற்பித்துக்கொண்ட சாதாரணமான ஊரில், நகரசபையும் பஸ் சர்வீஸும் நடக்கிற இடத்தில், ஆவிகளும் அதிசயங்களும் நுழைந்தால் அங்குள்ள உத்தியோகஸ்தர்கள் என்ன செய்வார்கள் என்று பொறுமையாகக் கணக்கிடுகிற அந்த இளம் நிருபரை அவற்றில் பார்க்கலாம். ஆங்க்-மார்ப்போர்க்கின் பூர்வோத்தரத்தை ஆராய முற்படுகிறவர்கள், டோல்கீனிடம் போவதற்கு முன்னால் அந்த பிளாக்பரியிலிருந்து தொடங்குவது நல்லது.